மாப்பிள்ளைச் சம்பா வேகவில்லையா?

மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் நெல். ஆளுயரம் வளர்வதால், முற்றும் நேரத்தில் மழைக்காற்றில் சாய்ந்தால் விவசாயிக்குப் பெரும் இழப்பு. அதையும் தாண்டி வந்த அரிசியை "வேகவே இல்லை" என்று கொட்டலாமா?

தவிடு நீக்காத இந்த அரிசிக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். ஊறாமல் வைத்தால் மேலே வெடிக்கும், நடுவில் நறுக்கென்று நிற்கும். இரவே 1 டம்ளர் அரிசியை லேசாகக் களைந்து 4 டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் அதே தண்ணீரோடு குக்கரில் வைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். ஒரு பருக்கையை நசுக்குங்கள். நடுவில் வேகாத வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அரை டம்ளர் வெந்நீர் சேர்த்து இன்னும் 5 நிமிடம்.

தவிட்டில் எண்ணெய் உண்டு, நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள்.