செர்ரி பிராந்தியும் கிர்ஷும் ஒன்றல்ல

முதன்முதலாக பிளாக் ஃபாரஸ்ட் கேக் செய்தபோது, குறிப்பில் ‘கிர்ஷ்’ என்று இருந்த இடத்தில் நான் செர்ரி பிராந்தியை ஊற்றிவிட்டேன். இரண்டும் செர்ரிதானே என்ற நினைப்பு. வெள்ளை கிரீம் ரோஸ் நிறமாகி, கேக் ஒரு துண்டிலேயே திகட்டிவிட்டது. பலரும் செய்கிற தவறு இதுதான்.

கிர்ஷ் என்பது செர்ரியையே புளிக்கவைத்து, காய்ச்சி வடிப்பது. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதி இதற்குப் பேர்போனது. தண்ணீர் மாதிரி நிறமே இருக்காது, இனிக்காது. முகர்ந்தால் லேசாக பாதாம் வாசனை வரும். அது செர்ரிக் கொட்டையின் வாசனை. செர்ரி பிராந்தியோ, வடித்த மதுவில் செர்ரியை ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்த லிக்கர், அதாவது இனிப்பு மது. கிளாஸைச் சாய்த்து நிமிர்த்தினால் கருஞ்சிவப்பாக, பாகு போல மெல்ல வழியும். லிக்கர் என்றால் ஐரோப்பியச் சட்டப்படி பொதுவாக லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை. என் கேக் திகட்டாமல் என்ன செய்யும்!

பிராந்தி என்று பெயர் இருப்பதால் இது திராட்சை ஒயினை வடித்தது என்று நினைப்பது அடுத்த தவறு. டச்சு மொழியில் ‘பிராண்டவைன்’ என்றால் எரித்த ஒயின், அதாவது காய்ச்சி வடித்த ஒயின். ஆங்கிலத்தில் அது ‘பிராண்டிவைன்’ ஆகி, பிறகு வால் அறுந்து பிராண்டி ஆனது. நம் வாயில் பிராந்தி. செர்ரி பிராந்தியில் வேறு மது இருந்தாலும் அந்தப் பெயரைப் போட ஐரோப்பியச் சட்டமே அனுமதிக்கிறது. அதனால் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

‘செர்ரி’ என்ற சொல்லின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். நார்மன் பிரெஞ்சில் அது ‘செரீஸ்’. கடைசி ‘ஸ்’ பன்மை விகுதி என்று எண்ணி ஆங்கிலேயர்கள் அதை வெட்டிவிட்டார்கள். இதற்கும் ஜெர்மானியரின் ‘கிர்ஷ’வுக்கும் ஒரே கிரேக்க வேர்தான். சொல் ஒன்றுதான், பாட்டிலில் இருப்பதுதான் வேறு.

தலைகீழாகவும் தவறு நடக்கும். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் பிறந்த சிங்கப்பூர் ஸ்லிங் என்ற காக்டெயிலுக்குச் செர்ரி பிராந்திதான் வேண்டும். கிர்ஷ் ஊற்றினால் அந்தச் சிவப்பும் வராது, இனிப்பும் வராது.

அப்புறம், வீட்டிலேயே செய்யலாம் என்று மளிகைக் கடைச் செர்ரியை வாங்கி பிராந்தியில் ஊறப்போடாதீர்கள். நம் ஊரில் கேக்குக்கு விற்கிற அந்தச் சிவப்புப் பழம் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய். பிராந்தியில் இறங்குவது சாயமும் சர்க்கரையும்தான்.