முழுக்கு ஞானஸ்நானத்துக்கு முன் சபையில் சாட்சி சொல்வது எப்படி

பாப்டிஸ்ட் சபையில் அங்கத்தினராவதற்குப் பிறப்பு உதவாது. போதகர் ஒருவர் மட்டும் சரி என்று சொன்னாலும் போதாது. ஞானஸ்நான வகுப்பு முடிந்து, போதகரும் உதவிக்காரர்களும் (சபைக் காரியங்களில் போதகருக்குத் துணை நிற்பவர்கள்) பேசிப் பார்த்த பிறகு, சேர விரும்புகிறவர் சபையார் முன் நின்று தன் விசுவாசத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் அங்கத்தினர்கள் கையுயர்த்தி ஏற்றுக்கொள்கிறார்கள். சில இடங்களில் இது அங்கத்தினர் கூட்டத்தில் நடக்கும், சில இடங்களில் ஞாயிறு ஆராதனையில், சில இடங்களில் ஞானஸ்நானத் தொட்டிக்கரையிலேயே. எங்கே நடந்தாலும், ‘இவர் விசுவாசிக்கிறார்’ என்று சபை தீர்மானிக்கப் போதுமானதைச் சொல்ல வேண்டும். சாட்சி என்பது நீதிமன்றத்துச் சொல். கண்டதைச் சொல்லிவிட்டு இறங்குவதுதான் சாட்சியின் வேலை. பிரசங்கத்துக்கு வேறு ஆள் இருக்கிறார்.

நேரம் நான்கு நிமிடம். எழுதிப் பார்த்தால் சுமார் 350 சொல் வரும். குறைவாகத் தோன்றினால் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 26ஐத் திறந்து பாருங்கள். அகிரிப்பா ராஜாவின் முன் பவுல் தன் கதையைச் சொல்கிறார்: 4 முதல் 11 வரை பழைய வாழ்க்கை, 12 முதல் 18 வரை தமஸ்கு வழியில் நடந்தது, 19 முதல் 23 வரை அதற்குப் பிறகு. மொத்தம் இருபதே வசனம். எட்டாம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரிக்கு ‘இயேசுகிறிஸ்துவைத் தேவனுடைய குமாரனென்று விசுவாசிக்கிறேன்’ என்ற ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. அதைச் சொன்ன பிறகுதான் ஞானஸ்நானம் எடுக்க ரதத்தை நிறுத்தச் சொன்னார்.

350 சொல்லை இப்படிப் பிரிக்கலாம்: முன்பு எப்படி இருந்தீர்கள் என்பதற்கு 80, கிறிஸ்துவை எப்படி அறிந்தீர்கள் என்பதற்கு 130, இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதற்கு 90, ஏன் ஞானஸ்நானம், ஏன் இந்தச் சபை என்பதற்கு 50. நடுப்பகுதியை முதலில் எழுதுங்கள். வரிசைப்படி எழுதினால் குடி, சினிமா, கெட்ட சிநேகம் என்று முதல் பகுதியே மூன்று நிமிடத்தைத் தின்றுவிடும். பாவத்தில் கதை இருக்கிறது, சொல்வதும் சுலபம். இயேசுவின் பெயர் வரும்போது போதகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நடுப்பகுதியில்தான் பலருக்குப் பேனா நிற்கும். நின்ற இடத்தில் சபைத்தமிழ் கைகொடுக்கும்: ‘கர்த்தர் என்னைத் தொட்டார்’, ‘ஆவியானவர் பேசினார்’. இவை பொய்யல்ல. ஆனால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதால் சபைக்கு இவற்றிலிருந்து எதுவும் தெரியவராது. இப்படி ஒரு வரி வந்தால், அன்று என்ன நடந்தது என்று உங்களையே கேட்டு, பதிலை அந்த இடத்தில் எழுதுங்கள். ‘கர்த்தர் என்னைத் தொட்டார்’ என்பதற்குப் பதிலாக: ‘ரோமர் ஐந்தாம் அதிகாரம் வாசித்தேன். நான் திருந்திய பிறகு அல்ல, பாவியாக இருக்கும்போதே அவர் எனக்காக மரித்தார் என்று இருந்தது. திருந்திவிட்டு வருகிறேன் என்று அதுவரை தள்ளிப்போட்டிருந்தேன்.’ மூன்று வரிதான், ஆனால் இவருக்கு நற்செய்தி புரிந்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சபைக் குடும்பத்தில் பிறந்து ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவர்களுக்கு வேறு கஷ்டம். சொல்ல ஒரு விபத்தும் இல்லை, ஒரு சிறைச்சாலையும் இல்லை. அதற்காக ஒன்றைப் பெரிதுபடுத்தாதீர்கள். இரட்சிக்கப்பட்ட தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்ததென்று பவுலே எழுதுகிறார். அம்மாவின் விசுவாசம் எப்போது உங்களுடையதாயிற்று, எந்தக் கேள்வியை நீங்களே கேட்டு விடை தேடினீர்கள் என்பதைச் சொன்னால் போதும்.

சுகம் பெற்ற சாட்சியில் கவனம் தேவை. 1800 டிசம்பர் 28 அன்று வங்காளத்துச் செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரியிடம் முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற தச்சர் கிருஷ்ண பால், மிஷனரி மருத்துவர் ஜான் தாமஸிடம் முதலில் வந்தது தோள் பிசகியதற்காக. தோள் சரியானது அவரை வாசல் வரை கொண்டுவந்தது, அவ்வளவுதான். ஞானஸ்நானத்துக்குச் சில நாள் முன் மிஷனரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுத் தன் சாதிக்கட்டை உடைத்தாரே, சபை பார்க்க வேண்டிய மாற்றம் அங்கே இருந்தது. காய்ச்சல் போனதையே சாட்சியின் முதுகெலும்பாக்கினால், அடுத்த வருடம் காய்ச்சல் திரும்பும்போது சாட்சியும் ஆட்டம் காணும்.

சாதி என்றதும் இன்னொன்று. ‘எங்கள் தாத்தா காலத்திலிருந்தே ஊரில் பெரிய குடும்பம்’ என்று தொடங்குவது நம்மிடையே சகஜம். அந்த ஒரு வரியில் எந்தத் தெரு என்பது அத்தனை பேருக்கும் விளங்கிவிடும். அடித்துவிடுங்கள்.

அடிக்க வேண்டியவை இன்னும் உண்டு. அப்பாவின் குடிப்பழக்கம் உங்கள் சாட்சியல்ல, அவருடைய காரியம்; அனுமதி இல்லாமல் மேடையேற்றாதீர்கள். பழைய சபையின் குறையும் அப்படித்தான். முன்பு வணங்கிய தெய்வங்களைக் கேலி செய்யாதீர்கள். உங்களுக்காகவே வந்த அத்தையும் சித்தப்பாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தையாக இருந்தபோது வேறு சபையில் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவர்கள் ‘மறுபடியும் ஞானஸ்நானம்’ என்று சொல்ல வேண்டாம். விசுவாசித்த பின் எடுப்பதையே பாப்டிஸ்டுகள் ஞானஸ்நானம் என்கிறார்கள். ‘பெற்றோர் நல்ல மனதோடு செய்தார்கள், இப்போது நானே விசுவாசித்து எடுக்கிறேன்’ என்றால் யார் மனமும் புண்படாது.

ஆராதனை நேரலையாகப் போகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டில் இன்னும் தெரியாதவர்களுக்கு இது வெறும் சங்கோஜம் அல்ல, ஆபத்தாகவே முடியலாம். நேரலையை அந்த நான்கு நிமிடம் நிறுத்தச் சொல்லலாம், அல்லது அங்கத்தினர் கூட்டத்தில் மட்டும் சொல்லலாம். உதவிக்காரரிடம் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். ஞாயிறு காலை சொன்னால் ஒலிப்பெட்டிப் பக்கம் இருப்பவருக்குச் செய்தி போய்ச் சேராது.

எழுதியதைக் கடிகாரம் வைத்து மூன்று தடவை சத்தமாக வாசியுங்கள். பின்பு சபையில் வயதில் மூத்த ஒருவரிடம் கொடுத்து, எந்த வரி புரியவில்லை என்று மட்டும் கேளுங்கள். மேடைக்குத் தாளோடு போங்கள், பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் எழுதி. கைபேசித் திரை நடுவில் அணையும், அப்போது அழைப்பும் வரும். மைக் வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் இருக்கட்டும். அழுகை வந்தால் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்திய வரியிலிருந்து வாசியுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

தொட்டிக்குள் நின்று சாட்சி சொல்கிற வழக்கம் இருந்தால் மின்சார மைக்கை அங்கே நீட்டக் கூடாது. 2005ல் டெக்சஸ் மாநிலத்து வேக்கோவில் ஒரு பாப்டிஸ்ட் போதகர் ஞானஸ்நானத் தொட்டியில் நின்றபடி மைக்கைத் தொட்டு, மின்சாரம் தாக்கி இறந்தார். படியில் ஏறும் முன், உலர்ந்த தரையில் சொல்லி முடித்துவிடுங்கள். தண்ணீர் இடுப்பளவு போதும். எட்டடி நீளம், நாலடி அகலத் தொட்டியில் மூன்றடி நீர் என்றால் ஏறக்குறைய 2,700 லிட்டர். சனிக்கிழமை மாலையே மோட்டார் போட்டால்தான் நிரம்பும். வெள்ளை அங்கி நனைந்தால் உடல் தெரியும், உள்ளே அடர்நிற உடை போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கிற சபைக்கும் வேலை உண்டு. ஜெயிலிலிருந்து வந்தவருக்குப் பலத்த ஆமென், பள்ளி ஆசிரியைக்கு மெல்லிய ஆமென் என்று பாகுபாடு செய்தால், அடுத்து வருகிறவர் தன் கதைக்கு மசாலா சேர்ப்பார். மேடையில் கேட்டதை ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் வீடு வீடாகக் கொண்டுபோகவும் கூடாது. கையுயர்த்தி ஏற்றுக்கொண்டவர்கள், வலதுகை கொடுத்து வரவேற்ற அன்றே ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்கிவிடுவது நல்லது: ஆறு மாதம், வாரம் ஒரு அழைப்பு, மாதம் ஒரு சாப்பாடு. இதை உதவிக்காரர் நோட்டில் பெயரோடு எழுத வேண்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை, மூன்றாவது ஞாயிறே நாற்காலி காலியாகிவிடும்.