'லியர் அரசன்' நாடகத்தின் கொடியவர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலும் ஈரோட்டிலும் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள், ஷேக்ஸ்பியரின் இந்தத் துன்பியல் நாடகத்தில் வரும் லியரின் மகள்கள் கானரில், ரீகன், க்ளாஸ்டர் பிரபுவின் மகன் எட்மண்ட், ரீகனின் கணவன் கார்ன்வால் ஆகியோரை ஒப்பிட முற்படும்போது, "இவர்களில் யார் மிகக் கொடியவர்" என்ற கேள்வியோடு நின்றுவிடுவது வழக்கம். ஒருவர் தொடங்கும் தீமையை மற்றவர் எங்கே எடுத்துச் செல்கிறார் என்று பார்த்தால்தான் ஒப்பீட்டில் ஏதேனும் தெரியவரும்.

முதல் தவறு, அக்காள் தங்கை இருவரையும் ஒரே ஆளாக எண்ணுவது. முதல் காட்சியின் முடிவில், உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று துடிப்பவள் மூத்தவளான கானரில். யோசிக்கலாம் என்பவள் ரீகன். தந்தையின் நூறு வீரர்களை ஐம்பதாக்கியவள் மூத்தவள், இருபத்தைந்தாக்கியவள் இளையவள். ஒருவன்கூட எதற்கு என்று கேட்டு முடிப்பவளும் ரீகனே. லியருக்கு உதவிய க்ளாஸ்டரின் கண்களைப் பறிக்கச் சொல்லும் யோசனை கானரிலுடையது. அவள் சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறாள். அங்கேயே நின்று கிழவரின் தாடியைப் பிடுங்குபவளும், ஒரு கண் போனபின் மற்றதையும் எடுக்கச் சொல்பவளும், தடுக்க வந்த வேலைக்காரனைப் பின்னாலிருந்து குத்துபவளும் ரீகன். திட்டமிடும் கொடுமையும் அருகே நின்று அனுபவிக்கும் கொடுமையும் ஒன்றல்ல என்பதை இந்த ஒரு காட்சியே காட்டிவிடுகிறது.

எட்மண்டைப் பங்காளிச் சண்டையின் கண்ணாடியில் பார்ப்பது நம் வட்டாரத்துக்கே உரிய தவறு. கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை உடுக்கையோடு கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நிலத்துக்காக உறவுகள் மோதுவது புதிதன்று; ஆனால் பங்காளிக்குப் பாகம் உண்டு, எட்மண்டுக்கு அந்த உரிமையே கிடையாது. அவன் முறையாகப் பிறக்காதவன், வயதிலும் முறைப்படி பிறந்த அண்ணன் எட்கருக்கு இளையவன். தந்தையைக் கொன்று வருவாயைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று எட்கரின் கையெழுத்தில் அவன் போலிக் கடிதம் எழுதுவதற்கு இந்த நிலைதான் காரணம். இதை விளக்கலாம், நியாயப்படுத்திவிடக் கூடாது.

கண் பறிக்கும் கொடுமையை எட்மண்ட் தன் கையால் செய்ததாக எழுதுவதும் பிழை. அந்தச் செயலை அவன் பார்ப்பது தகாது என்று கார்ன்வாலே அவனை கானரிலோடு அனுப்பிவிடுகிறான். ஆயினும் தந்தையைக் காட்டிக்கொடுத்த கடிதத்தைக் கார்ன்வாலிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவனே. முறையான விசாரணையின்றி க்ளாஸ்டருக்கு மரண தண்டனை தர இயலாது என்பது கார்ன்வாலுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, தன் சினத்துக்கு அதிகாரம் பணிந்துபோகும் என்கிறான். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுபவனைப் பல ஒப்பீடுகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

இறக்கும் தறுவாயில் எட்மண்ட் நன்மை செய்ய நினைப்பதைக் கொண்டு அவனை நால்வரில் நல்லவனாக்குவதும் அவசர முடிவு. தோற்று விழுந்த பிறகும் லியரையும் அவருடைய கடைசி மகள் கார்டிலியாவையும் கொல்லத் தான் இட்ட கட்டளையை அவன் சொல்லாமலே வைத்திருக்கிறான். சொல்லும்போது கார்டிலியாவைக் காப்பாற்றக் காலம் மிஞ்சவில்லை.

கடைசியாக, கையிலுள்ள பதிப்பைக் கவனிக்க வேண்டும். கணவன் ஆல்பனி கானரிலைக் கண்டிக்கும் நீண்ட வரிகளில் பெரும்பகுதி 1608ஆம் ஆண்டுப் பதிப்பில் உண்டு, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லை. கணவனின் வாயால் வரும் அந்தத் தீர்ப்பைச் சான்றாகக் காட்டுபவர், எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கிறார் என்பதையும் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும்.