எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு ஸ்ட்ரெயின் வாங்கப் போகிறீர்களா?

ப்ராஜெக்ட் நேரம் வந்தால் எங்கள் மைக்ரோபயாலஜி லேபில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவைக் கேட்டு ஒரே கேள்விதான்: "அண்ணா, ஈ.கோலை இருக்கா?" இருக்கிறது. ஆனால் ஃபிரிட்ஜில் லேபிள் அழிந்து கிடக்கும் ஸ்லாண்ட்டை (சாய்வாக உறைந்த மீடியத்தில் கிருமி வளரும் குழாய்) எடுத்துக் கொடுக்க மாட்டேன். அது எத்தனை கை மாறி வந்ததோ, இன்னும் ஈ.கோலைதானோ, யாருக்குத் தெரியும்? ப்ராஜெக்டில் வேப்பிலைச் சாறு கிருமியைக் கொன்றது என்று எழுதுகிறீர்கள். எந்த ஸ்ட்ரெயின், அதாவது அந்தக் கிருமியில் எந்தத் தனி வகை என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் ஓர் எண் சொல்ல வேண்டும். அதே எண்ணை வாங்கி வேறொருவரும் செய்து பார்க்க முடிய வேண்டும்.

அந்த எண்ணோடு கல்ச்சர் (உயிருள்ள கிருமி வளர்ப்பு) தருபவைதான் பொது நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையங்கள். நம் கல்லூரிகளுக்குப் பழக்கமானது சண்டிகரில் இம்டெக் என்ற நுண்ணுயிர் ஆய்வு நிறுவனத்தில் 1986இல் தொடங்கிய எம்டிசிசி. தொழிற்சாலைக்கு உதவும் ஈஸ்ட், பூஞ்சை வேண்டுமென்றால் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகமான என்சிஎல்லில் உள்ள என்சிஐஎம் சேகரிப்பின் பட்டியலையும் பாருங்கள். கட்டுரைகளில் அதிகம் வருவது அமெரிக்காவின் ஏடிசிசி என்ற சேகரிப்பின் எண்கள். உதாரணமாக, ஏடிசிசி 25922 என்ற ஈ.கோலைக்கு 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் (ஆன்டிபயாடிக்) ஊறிய டிஸ்க் வைத்தால், கிருமி வளராத வளையத்தின் விட்டம் 19 முதல் 26 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டிஸ்க், மீடியம் (கிருமி வளரும் ஊட்டக் கலவை), ஸ்ட்ரெயின் மூன்றில் எதிலோ கோளாறு. உங்கள் சாற்றைச் சோதிப்பதை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஏடிசிசி எண்ணுக்கு இணையான எம்டிசிசி எண் இருக்கிறதா என்று பட்டியலில் தேடினால் செலவு மிச்சம்.

கல்ச்சர் கேட்டு எழுதும் கடிதம் கல்லூரி லெட்டர்ஹெட்டில், கைடு கையெழுத்தோடு போகட்டும். எந்த மீடியம், எத்தனை டிகிரி என்று பட்டியலிலேயே இருக்கும். கல்ச்சர் வருவதற்குள் மீடியத்தைத் தயார் செய்து வையுங்கள்.

வருவது பெரும்பாலும் ஒரு சின்னக் கண்ணாடி ஆம்ப்யூல். உள்ளே பஞ்சு அடைப்பு, அதற்குக் கீழே உறையவைத்து உலர்த்திய கொஞ்சம் பொடி. இதைத் திறப்பதில்தான் அவசரப்படுகிறார்கள். உள்ளே வெற்றிடம். கண்ட இடத்தில் உடைத்தால் காற்று சர்ரென்று உள்ளே பாய்ந்து பொடி பறக்கும். அதனால் பஞ்சின் நடுப்பகுதி இருக்கும் உயரத்தில் அரத்தால் சுற்றிக் கீறுங்கள். காற்று பஞ்சு வழியாக வடிகட்டித்தான் நுழையும். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, ஸ்டெரைல் துணி சுற்றி, பாதுகாப்பு கேபினெட்டுக்குள் (வடிகட்டிய காற்று ஓடும் வேலைப் பெட்டி) வைத்து உடையுங்கள். கையுறை கட்டாயம். பஞ்சை எடுத்துவிட்டு அரை மில்லி பிராத் (திரவ மீடியம்) விட்டு, பொடி கரையும்வரை பொறுங்கள். பிறகு பாதியை பிராத் குழாயில் சேர்த்து, மீதியில் ஒரு லூப் (கம்பி வளையம்) அளவு எடுத்து மீடியம் ஊற்றிய தட்டில் கோடு இழுங்கள்.

மறுநாள் தட்டு காலியாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உலர்ந்து கிடந்தது எழுந்திருக்க நேரம் எடுக்கும். வளர்ந்த பிறகு கிராம் ஸ்டெய்ன் (பாக்டீரியாவைப் பிரித்தறியும் சாயச் சோதனை) பாருங்கள், ஈ.கோலை என்றால் ஈஎம்பி என்ற சாயம் கலந்த மீடியத் தட்டிலும் போடுங்கள், பொன்வண்டு முதுகு மாதிரி பச்சையாக மினுங்கும். சரியாக இருந்தால் அன்றைக்கே 20 சதவீத கிளிசராலில் பல குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். ஒரே ஸ்லாண்ட்டை வருடக்கணக்கில் மாற்றி மாற்றி வளர்த்தால் குணம் மாறிவிடும். மூலத்திலிருந்து ஐந்து மாற்றலுக்கு மேல் வேண்டாம்.

அப்புறம், வாங்குவது மட்டும் போதாது, கொடுக்கவும் வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1960களில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் பிரித்தெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவை ஏடிசிசியில் கொடுத்து வைத்தார். பின்னாளில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) செய்தவர்கள் அங்கிருந்துதான் அதை வாங்கினார்கள். நம் லேபில் பிசிஆருக்குப் போடும் டாக் என்சைம் அந்த வழி வந்தது.

உங்கள் மண் மாதிரியில் புது இனம் கிடைத்து அதற்குப் பெயர் வைக்க ஆசையா? டைப் ஸ்ட்ரெயினை (அந்தப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் ஸ்ட்ரெயின்) இரண்டு வெவ்வேறு நாடுகளின் பொதுச் சேகரிப்புகளில் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒன்று இங்கே, இன்னொன்று ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட் சேகரிப்பில் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சான்றிதழும் கைக்கு வர நாளாகும். கட்டுரை எழுத உட்காரும் முன்பே குப்பிகளை அனுப்பிவிடுங்கள்.