டெல்லியில் மனுவை யாருக்கு எழுதுவது?

ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால், போய்ச் சேர வேண்டிய துறைக்கு அதுவே போய்விடும். டெல்லியில் அப்படி நடக்காது. தமிழ்நாட்டில் போலீஸ், நிலம், ரேஷன் எல்லாம் ஒரே அமைச்சரவையின் கையில். டெல்லியிலோ அரசியல் சாசனத்தின் 239ஏஏ பிரிவு பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் மூன்றையும் சட்டமன்றத்துக்குக் கொடுக்கவில்லை. அவை மத்திய அரசிடம். ஆகவே பேனாவை எடுக்குமுன் உங்கள் விஷயம் இந்த மூன்றில் வருகிறதா என்று பாருங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறார்களா? புகாரை எழுத்தில் உங்கள் பகுதி டி.சி.பி.க்கு (போலீஸ் துணை ஆணையர்) தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். முதல்வருக்கு எழுதிப் பயனில்லை, டெல்லி போலீஸ் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம்) நிலம், ஃபிளாட் என்றால் டி.டி.ஏ.வுக்கே எழுத வேண்டும்; அதன் தலைவர் துணைநிலை ஆளுநர்.

ரேஷன், டி.டி.சி. பஸ், டெல்லி அரசு மருத்துவமனை, குடிநீர் எல்லாம் டெல்லி அரசு. இங்கே முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் 7 பேருக்கு மேல் இருக்க முடியாது (70 உறுப்பினர்களில் 10 சதவீதம்), ஒவ்வொருவரிடமும் பல துறைகள். எனவே மனு துறைச் செயலாளர் பெயருக்கு, நகல் மட்டும் அமைச்சருக்கு. 'இந்த அதிகாரியை மாற்றுங்கள்' என்று அமைச்சரிடம் கேட்பது வீண். அதிகாரிகள் இடமாற்றத்தை 2023 டெல்லி அரசு திருத்தச் சட்டப்படி முதல்வர், தலைமைச் செயலாளர், உள்துறை முதன்மைச் செயலாளர் மூவர் குழு பரிந்துரைக்கும். முடிவு துணைநிலை ஆளுநருடையது.

சாலையில்தான் பெரும்பாலும் குழம்புவார்கள். நடைபாதையும் சேர்த்து 60 அடி அல்லது அதற்கு மேல் அகலம் என்றால் பொதுப்பணித்துறை, குறைந்தால் மாநகராட்சி. கனாட் பிளேஸ், கோல் மார்க்கெட் பக்கம் என்.டி.எம்.சி. (புது டெல்லி நகராட்சி மன்றம்); ராணுவப் பகுதியான கன்டோன்மென்டில் தனி போர்டு. டி.டி.ஏ. காலனிகளில் சாலை இன்னும் மாநகராட்சிக்குக் கைமாறாமலும் இருக்கலாம்.

நம் காலனிச் சங்கங்கள் பாதாளச் சாக்கடை, குப்பை, செயின் பறிப்பு மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஐம்பது கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பாதாளச் சாக்கடை ஜல் போர்டு (டெல்லி குடிநீர், கழிவுநீர் வாரியம்), குப்பை மாநகராட்சி, பறிப்பு போலீஸ். யார் கையில் கிடைத்தாலும் மற்ற இரண்டைக் காட்டி 'எங்களுடையது அல்ல' என்று முடித்துவிடலாம். மூன்று தாளாகப் பிரியுங்கள், ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுங்கள், டைரி எண் (மனுவைப் பதிந்த எண்) வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.

யாருடையது என்றே பிடிபடவில்லையா? 10 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். 'இந்தச் சாலையைப் பராமரிப்பது யார், கடைசி ஒர்க் ஆர்டரின் நகல் தேவை' என்று இரண்டே கேள்வி. தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி 5 நாளில் சரியான இடத்துக்கு மாற்றியாக வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. இரண்டாவதற்கு டெல்லியில் மாநிலத் தகவல் ஆணையம் தேடாதீர்கள். நேரே மத்தியத் தகவல் ஆணையம்.