ஒன்பது துண்டில் முதல் குயில்ட்: கையால் தைக்கப் பழகுவோம்

குயில்ட் என்றதும் கட்டில் முழுக்க விரியும் பெரிய போர்வைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதையே முதல் வேலையாக எடுத்தால் பாதியில் மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவோம். பயிலரங்குகளில் முதலில் ஒரு சின்னச் சதுரத்தைத் தைக்கச் சொல்வது இதனால்தான். ஒன்பது அங்குலச் சதுரத்துக்குள்ளேயே வெட்டுவது, இணைப்பது, அடுக்குவது, குயில்ட் தையல் போடுவது, ஓரம் கட்டுவது என எல்லா வேலையும் வந்துவிடும். ஊசியில் நூல் கோக்க இப்போதுதான் பழகுகிறவரும், வருடக்கணக்கில் மெஷினில் தைத்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைத் தைக்கலாம். மெஷின் பழக்கம் உள்ளவருக்குத் துணியை அளந்து வெட்டுவதில் கை தேர்ந்திருக்கும். ஆனால் குயில்ட் ஊசியைப் பிடிப்பதில் அவரும் புதியவர்தான்.

குயில்ட்டுக்கு மூன்று அடுக்கு. துண்டுகள் இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத் தையல்தான் (ஊசி மேலும் கீழுமாக மாறி மாறிப் போகும் நேர்த்தையல்) குயில்ட் தையல். பார்க்க அலங்காரமாகத் தெரிந்தாலும், துவைக்கும்போது பஞ்சு நகர்ந்து ஓரிடத்தில் திரளாமல் பிடித்துவைப்பது அதுதான்.

எடுத்து வைக்க வேண்டியவை

முழுப் பருத்தித் துணி இரண்டு நிறத்தில்: ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர். வழுக்கும் துணியும், இழுத்தால் நீளும் துணியும் முதல் முறைக்கு வேண்டாம். புதுத்துணி என்றால் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுவிடுங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விடலாம். தைத்து முடித்த பிறகு இது நடந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

பஞ்சு விரிப்பு மெல்லியதாக இருக்கட்டும். கிடைக்காவிட்டால் பழைய ஃபிளானல் துணியே போதும், ஊசி அதில் சுலபமாக இறங்கும்.

ஊசியில் இரண்டு வகை வேண்டும். துண்டுகளை இணைக்க ‘ஷார்ப்ஸ்’ எனப்படும் நீளமான மெல்லிய ஊசி. குயில்ட் தையலுக்கு ‘பிட்வீன்ஸ்’ எனப்படும் குட்டை ஊசி. எண் ஏற ஏற ஊசி சிறுக்கும். 12ஆம் எண் ஊசியைத் தேடி ஓடாதீர்கள். 8 அல்லது 9ஆம் எண் ஊசி வளையாமல், கையில் நிற்கும்.

இணைப்பதற்குச் சாதாரணப் பருத்தி நூல், குயில்ட் தையலுக்கு மெழுகுப் பூச்சுள்ள சற்றுத் தடித்த நூல். எந்த நூலானாலும் 18 அங்குலத்துக்கு மேல் கோக்க வேண்டாம். நீள நூல் முறுக்கிக்கொள்ளும். துணிக்குள் பலமுறை போய் வந்ததில் நைந்தும் போகும்.

திம்பிள், அதாவது ஊசியைத் தள்ள விரல்நுனியில் மாட்டும் சின்னக் கவசம், கட்டாயம் வேண்டும். தைக்கும் கையின் நடுவிரலில் மாட்ட வேண்டும். முதலில் எல்லோருக்குமே அது இடைஞ்சலாகத் தெரியும், கழற்றி வைக்கத் தோன்றும். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று அடுக்கு வழியாக ஊசியைத் தள்ளும் வேலையை வெறும் விரல் வெகுநேரம் தாங்காது. இவை தவிர கத்தரி, அளவுகோல், பென்சில், குண்டூசி, அட்டை, ஒரு வட்டச் சட்டம்.

வெட்டுதல்

அட்டையில் சரியாக 3 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். துணியின் கெட்டியான கரைப்பகுதியை நீக்கிவிட்டு, உள்பக்கத்தில் அட்டையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். சதுரத்தின் ஓரம் நூலோட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும்; சாய்ந்தால் துண்டு இழுபட்டுக் கோணும். வரைந்த கோட்டுக்கு வெளியே சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். அடர் நிறத்தில் 5, வெளிர் நிறத்தில் 4.

பென்சில் கோடுதான் தையல் கோடு. கைத்தையலின் பெரிய வசதி இது. வெட்டிய ஓரம் சற்று முன்பின் இருந்தாலும் பாதகமில்லை, கோட்டில் தைத்தால் சதுரம் சரியாக வரும்.

இணைத்தல்

நான்கு மூலையிலும் நடுவிலும் அடர் துண்டு வரும்படி மூன்று வரிசையாகப் பரப்பி வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். இனிச் செய்வதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். மேல் துண்டில் கோடுகள் சந்திக்கும் மூலைப்புள்ளியில் குண்டூசியை நேராகக் குத்திப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் மூலைப்புள்ளியிலேயே ஊசி வந்திருந்தால் சரி. இல்லையென்றால் உருவி மறுபடி குத்துங்கள். மறுமூலையிலும் நடுவிலும் இப்படியே.

புள்ளியில் தொடங்கிப் புள்ளியில் முடியுங்கள். தையலுக்கு விட்ட கால் அங்குலத்துக்குள் தையல் போகக் கூடாது. சிறு ஓட்டுத் தையல் போதும். தொடக்கத்திலும் முடிவிலும், நடுவில் அங்குலத்துக்கு ஒருமுறையும் ஒரு பின்தையல் (ஒரு தையல் பின்னால் போய் மறுபடி முன்னால் வருவது) போடுங்கள். நாலைந்து தையலுக்கு ஒருமுறை பின்னால் திருப்பி, கோட்டில்தான் போகிறோமா என்று பார்க்கும் பழக்கம் முதல் நாளிலேயே வந்துவிட்டால் பிறகு பிரிக்கும் வேலை பெரிதும் குறையும்.

மூன்று வரிசையும் தயாரானதும் வரிசைகளை இணைக்க வேண்டும். இங்கேதான் மூலைகள் பொருந்துமா பொருந்தாதா என்பது தெரியும். குறுக்கே ஒரு தையல் வரும் இடத்தை நெருங்கியதும் ஒரு பின்தையல் போட்டு நிறுத்துங்கள். அங்கே நிமிர்ந்து நிற்கும் துணி விளிம்பைச் சேர்த்துத் தைக்காதீர்கள். அதன் அடிவாரத்தில் ஊசியை மறுபக்கம் செலுத்தி, அங்கே மறுபடி ஒரு பின்தையல் போட்டுத் தொடருங்கள். விளிம்பு சுதந்திரமாக நிற்பதால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மடிக்கலாம், முனைகளும் துல்லியமாகச் சேரும்.

விளிம்புகளை அடர் நிறத் துண்டின் பக்கம் மடித்து இஸ்திரி போடுங்கள். வெளிர் துணிக்கு அடியில் மடித்தால் நிழலாகத் தெரியும். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் சதுரம் கோணிவிடும்.

முன்பே கையால் தைத்துப் பழகியவர் வெறும் சதுரங்களில் நிறைவடைய வேண்டியதில்லை. நான்கு பக்க நடுத்துண்டுகளையும் அடர் ஒன்று, வெளிர் ஒன்று என இரு முக்கோணங்களாகப் பிரித்துத் தைத்து, மூலைகளை வெளிர் நிறமாக்கி, முக்கோணங்களைச் சுழலும் வாக்கில் வைத்தால் நட்சத்திரம் கிடைக்கும். முக்கோணத்தின் சாய்வு ஓரம் இழுபடக்கூடியது, அதைப் பிடித்து இழுக்காமல் தைக்கும் பயிற்சியும் இதில் சேர்ந்துவிடும்.

அடுக்குதல்

தைக்க வேண்டிய கோடுகளை இப்போதே மேல்துணியில் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் தையலிலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி இன்னொரு சதுரம், அவ்வளவுதான். உள்ளே மடிந்திருக்கும் விளிம்பின் தடிப்பு அங்கே இருக்காது, ஊசி தடையில்லாமல் இறங்கும். நீரில் மறையும் பேனா வசதி. வரைந்த பிறகு அதன்மேல் இஸ்திரி வைக்காதீர்கள், சூட்டில் கறை நிலைத்துவிடலாம்.

பஞ்சு விரிப்பையும் அடித்துணியையும் 13 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். அடித்துணியின் நல்ல பக்கம் மேசையைப் பார்க்கும்படி விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். மேலே பஞ்சு, அதன்மேல் தைத்த சதுரம். நடுவிலிருந்து வெளிப்புறமாக நீவிவிட்டு, வெள்ளை நூலால் ஒன்றரை அங்குல நீளத்தில் தற்காலிகத் தையல் போடுங்கள். இதுவும் நடுவிலிருந்துதான். கோடுகளுக்கிடையே மூன்று அங்குலம் போதும்.

குயில்ட் தையல்

வட்டச் சட்டத்தில் மாட்டும்போது எம்பிராய்டரிக்குப் போல விறைப்பாக இழுக்க வேண்டாம். அடியிலிருந்து கையால் அழுத்தினால் துணி கொஞ்சம் எழும்ப வேண்டும். அந்தத் தளர்வு இல்லாமல் ஊசியை ஆட்ட முடியாது.

நூல் நுனியில் சின்ன முடிச்சுப் போடுங்கள். தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, மேல்துணியும் பஞ்சும் மட்டும் பிடிபடும்படி ஊசியை இறக்கி, தொடங்கும் புள்ளியில் எடுங்கள். மெல்லச் சுண்டினால் முடிச்சு துணிக்குள் புகுந்து பஞ்சில் மாட்டிக்கொள்ளும். முன்னாலும் பின்னாலும் முடிச்சே தெரியாது.

இனி ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்துங்கள். சட்டத்துக்கு அடியில் இருக்கும் விரலில் ஊசிமுனை பட்டதும் நிறுத்துங்கள். திம்பிளால் ஊசியின் காதைப் பிடித்தபடி பின்பக்கமாகப் படுக்க வையுங்கள். அதே நேரத்தில் அடிவிரல் துணியை மேல்நோக்கித் தள்ள, மேலே கட்டைவிரல் முன்னால் அழுத்த, சிறு மேடு ஒன்று எழும். ஊசிமுனை அதில் எட்டிப் பார்க்கும். முனை தெரிந்ததும் காதை மறுபடி நிமிர்த்தி அடுத்த தையலுக்கு இறக்குங்கள். ஊசியில் மூன்று தையல் சேர்ந்ததும் நூலை இழுங்கள். துணியில் லேசான பள்ளம் விழும் அளவுக்கு இழுத்தால் போதும், சுருங்கும் அளவுக்கு வேண்டாம்.

முதலில் மூன்று சேராது. ஒவ்வொரு தையலாகவே போங்கள். ஒவ்வொரு முறையும் அடித்துணி பிடிபட்டதா என்று விரலால் உணருங்கள். அடிவிரல் குத்துப்படும், அங்கே டேப் சுற்றிக்கொள்ளலாம். துணியில் ரத்தப்பொட்டு விழுந்தால் உடனே குளிர்ந்த நீரால் ஒற்றி எடுங்கள்.

எல்லோரும் கேட்பது, அங்குலத்துக்கு எத்தனை தையல் வர வேண்டும் என்பதுதான். தேர்ந்த கைகள் பத்து, பன்னிரண்டு போடும். முதல் சதுரத்தில் ஐந்து வந்தாலே நல்ல தொடக்கம். எண்ணிக்கையை விரட்டுகிறவர்களின் தையல் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கலங்கிவிடுகிறது. தையலும் இடைவெளியும் ஒரே நீளத்தில் இருந்தால் பெரிய தையல்கூடக் கண்ணுக்கு அழகு. பழகப் பழக அளவு தானாகச் சிறுக்கும். இதனால்தான் துணிக்கு மாறான நிறத்தில் நூல் எடுக்கச் சொல்வேன். தையல் தெரிந்தால்தான் கை திருந்தும்.

நடுச்சதுரத்தை முடித்துவிட்டு வெளியே நகருங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் தளர்ந்த துணி எல்லாம் நடுவில் சேர்ந்து சுருக்கம் விழும். நூல் முடியும்போது துணியை ஒட்டி முடிச்சுப் போட்டு, தொடங்கியதைப் போலவே உள்ளே இழுத்து, ஓர் அங்குலம் தள்ளி ஊசியை வெளியே எடுத்து நறுக்குங்கள்.

ஓரம் கட்டுதல்

பஞ்சையும் அடித்துணியையும் மேல்துணியின் ஓரத்துக்குச் சரியாக வெட்டுங்கள். இரண்டரை அங்குல அகலத்தில், மொத்தம் 48 அங்குல நீளத்துக்குப் பட்டி தேவை. நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மடிக்காத ஓரங்கள் குயில்ட்டின் ஓரத்தோடு சேரும்படி முன்பக்கம் வைத்து, கால் அங்குலத்தில் பின்தையல் போடுங்கள். தொடங்கும் நுனியை உள்பக்கம் மடித்து மூன்று அங்குலம் தைக்காமல் விடுங்கள், கடைசி நுனியை அதற்குள் நுழைத்து மூடலாம்.

மூலைக்குக் கால் அங்குலம் முன்பு நிறுத்திப் பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, அப்படியே கீழே இறக்கி அடுத்த பக்கத்தோடு சேருங்கள். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி, முன்தையலை மறைத்து, நூல் தெரியாமல் மறைதையல் போடுங்கள்; மூலையில் மடிப்பு தானாகச் சாய்வாக விழும். ஊசி அடித்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடிக்கட்டும், முன்பக்கம் வரக் கூடாது.

தற்காலிகத் தையலைப் பிரித்துவிட்டு, பேனாக் கோடுகள் மறையும்வரை குளிர்ந்த நீரில் நனைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, சமதளத்தில் பரப்பி உலர்த்துங்கள்.