பேக்ஸ்விங்ல கை எங்க இருக்கணும்? அடிக்கடி நடக்குற தப்புகள்

கோல்ஃப் கத்துக்க ஆரம்பிக்கிற நிறைய பேரு பேக்ஸ்விங்னா (அடிக்கிறதுக்கு முன்னாடி கிளப்ப, அதாவது மட்டைய, மேல கொண்டு போறது) கைய முதுகுக்குப் பின்னாடி கொண்டு போறதுன்னு நெனச்சுக்கிறாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன். வீடியோவுல நல்ல பிளேயர்ஸ பாத்தா கை உடம்பச் சுத்திப் பின்னாடி போற மாதிரியேதான் தெரியும், ஆனா உண்மையில பின்னாடி திரும்புறது நெஞ்சு, கை நெஞ்சுக்கு முன்னாடியே இருந்துகிட்டு மேல ஏறுது, அவ்ளோதான். இந்த ஒண்ணு மண்டையில ஏறிட்டா மத்த தப்புல பாதி தானா சரியாயிடும், அதனால இதையே முதல்ல சொல்றேன். (வலது கை பிளேயருக்குச் சொல்றேன், இடது கைக்காரங்க மாத்திப் படிச்சுக்கோங்க.)

இத நீங்களே செக் பண்ணலாம். மெதுவா பேக்ஸ்விங் எடுத்து உச்சியில நிறுத்துங்க, இப்ப கைய அசைக்காம நெஞ்ச மட்டும் பந்து பக்கம் திருப்பிக் கொண்டு வாங்க. கை ரெண்டும் நெஞ்சுக்கு முன்னாடி, கொஞ்சம் வலது பக்கமா, ஷாஃப்ட் (கிளப்போட தண்டு) வலது தோளுக்கு மேல சாஞ்ச மாதிரி இருந்தா சரி. கை வலது தோளுக்கும் பின்னாடி போய் மாட்டிக்கிட்டு இருந்தா, நீங்க உடம்பத் திருப்பாம கையால இழுத்துட்டீங்கன்னு அர்த்தம். அப்படி மாட்டின கை டவுன்ஸ்விங்ல, அதாவது கிளப்ப பந்துக்குக் கீழ கொண்டு வர்றப்ப, உடம்போட சேர்ந்து வர முடியாது, ஒண்ணு உடம்பு முன்னாடி ஓடிட்டு பந்து வலது பக்கம் தள்ளிப் போகும், இல்லன்னா கடைசி நிமிஷத்துல மணிக்கட்ட திருப்பிக் காப்பாத்தப் போயி பந்து இடது பக்கம் வளைஞ்சு ஹூக் ஆகும், சில பேரு கைய வெளிப்பக்கமா தூக்கிப் போட்டு, பந்து வலது பக்கம் வளையுற ஸ்லைஸ் அடிப்பாங்க. மூணு விதமா பந்து போனாலும் காரணம் ஒண்ணுதான்.

இன்னொரு தப்பும் இருக்கு, உடம்பு திரும்பவே திரும்பாது, கை மட்டும் ஜம்முன்னு மேல தூக்கிடும். தோள் கிட்டத்தட்ட 90 டிகிரி திரும்பணும், இடுப்பு அதுல பாதி, இதுதான் பொதுவா சொல்ற கணக்கு. எல்லார் உடம்பும் அவ்ளோ வளையாது, 75 வந்தாலும் பரவாயில்ல, ஆனா முடிஞ்ச வரைக்கும் திரும்புங்க, தோள் நின்ன இடத்துலயே கையும் நிக்கட்டும். தோள் நின்ன பிறகும் கை மட்டும் போய்க்கிட்டே இருந்தா இடது முழங்கை மடங்கி கிளப் உங்க தலைக்குப் பின்னாடி தொங்கும், ஒரு நாள் பந்துக்கு முன்னாடியே மண்ணுல அடிப்பீங்க, ஒரு நாள் பந்தோட மேல்பக்கத்துல பட்டு டாப் ஆகும்னு மாறி மாறி வரும்.

உடனே "அப்ப இடது கைய கம்பி மாதிரி நீட்டி வெச்சுக்கணும்"னு கெளம்பிடாதீங்க, அதுவும் தப்புதான். முழங்கைய பூட்டுனா தோள் இறுகிடும், இறுகின தோள் திரும்பாது. கை நீண்டு இருக்கணும், ஆனா விறைச்சுக்கக் கூடாது. கால்வின் பீட்னு ஒரு அமெரிக்க பிளேயர், சின்ன வயசுல இடது முழங்கை உடைஞ்சு அதுக்கப்புறம் அந்தக் கைய முழுசா நீட்டவே முடியாமப் போச்சு. அவரு 1981ல இருந்து 1990 வரைக்கும் தொடர்ந்து 10 வருஷம் பிஜிஏ டூர்ல (அமெரிக்காவோட தொழில்முறை போட்டித் தொடர்) டிரைவிங் அக்யூரசில, அதாவது முதல் அடிய நேரா அடிக்கிறதுல, முதல் இடம். அதனால இடது கை லேசா மடங்குறதப் பாத்துப் பயப்பட வேணாம், ஸ்விங்குக்கு ஸ்விங் வேற வேற அளவுல மடங்குறதுதான் பிரச்சனை.

வலது முழங்கை விஷயத்துல இன்னும் குழப்பம் ஜாஸ்தி. உச்சியில அது ஏறக்குறைய செங்கோணத்துல மடங்கி, தரையப் பாத்த மாதிரி இருந்தா போதும். சிறகு மாதிரி வெளிய போறத தப்புன்னு சொல்லுவாங்க, பெரும்பாலானவங்களுக்கு அது உண்மைதான், ஆனா 18 மேஜர் (கோல்ஃப்ல ரொம்பப் பெரிய போட்டிகள்) ஜெயிச்ச ஜாக் நிக்லஸுக்கே வலது முழங்கை வெளியதான் நிக்கும். அந்த அளவுக்கு உடம்பத் திருப்பத் தெரிஞ்சவருக்கு அது ஒத்து வந்துச்சு. நான் அதிகமா பாக்குறது இதுக்கு மாறான தப்பு, சிறகு வரக்கூடாதுன்னு முழங்கைய விலாவோட ஒட்டிப் பிடிச்சுக்குறது, அப்ப கை ஏற இடமே இருக்காது, ஸ்விங் சுருங்கி மறுபடியும் கை பின்னாடிதான் போகும். அக்குள்ல டவல் வெச்சு பழகுற டிரில் நல்ல டிரில்தான், ஆனா ரெண்டு பக்கமும் வெச்சு பழகுறது பாதி ஸ்விங்குக்கு மட்டும், ஃபுல் ஸ்விங்ல வலது அக்குள் கொஞ்சம் திறந்துதான் ஆகணும்.

டேக்அவேல (பேக்ஸ்விங்கோட ஆரம்பத்துல) முன்கைய உருட்டுறத கவனிங்க. ஷாஃப்ட் இடுப்பு உயரத்துல தரைக்குச் சமமா வர்றப்ப நிறுத்திப் பாருங்க, கிளப் முகம் (பந்த அடிக்கிற பக்கம்) வானத்தப் பாத்தா உருட்டிட்டீங்க. பந்து போற திசைக்குப் பின்பக்கமா இருந்து கைக்கு நேரா கேமரா வெச்சு எடுத்தா, அந்த இடத்துல கிளப்ஹெட் (கிளப்போட தலைப்பகுதி) உங்க கைய மறைக்கிற மாதிரி தெரியணும், உள்பக்கம் போயிருந்தா மிச்ச ஸ்விங் பூரா அத சரி பண்றதுலயே போயிடும்.

பழகுறதுக்கு எனக்கு ரொம்ப உதவுனது ஒண்ணு. நிமிர்ந்து நின்னு கிளப்ப நெஞ்சுக்கு முன்னாடி பிடிங்க, மணிக்கட்ட மடக்கி ஷாஃப்ட்ட மேல தூக்குங்க, வலது முழங்கைய மடக்கி ஷாஃப்ட்ட வலது தோள்மேல சாய்ங்க, இப்ப கைய மறந்துட்டு நெஞ்ச வலது பக்கம் திருப்பி இடுப்புல இருந்து குனியுங்க. இதுதான் உச்சி. கை பின்னாடி போகவே இல்லன்னு அப்ப உடம்புக்கே புரியும். பந்தே இல்லாம தினம் ஒரு இருபது தடவ கண்ணாடி முன்னாடி பண்ணுங்க, அப்புறம் 9 ஐயன்ல (நீளம் கம்மியான கிளப்) பாதி வேகத்துல பந்து அடிங்க, நீளமான கிளப்பான டிரைவர கடைசியா கையில எடுங்க.